பழைய படத்துக்குப் புது பிரேம்: மாற்றுவதா, அப்படியே வைப்பதா?

ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளில் ஒரு பழைய படமாவது இருக்கும். தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோ நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படமாக அது இருக்கலாம். துரை, கிராணி, மண்டோர், பால்மரத் தொழிலாளர்கள் எல்லாரும் வரிசையாக நிற்கும் தோட்டப் படமாக இருக்கலாம். ஊரிலிருந்து கொண்டு வந்த முருகன் படமோ, லட்சுமி படமோ, நேதாஜி படமோ இருக்கலாம். லயத்து வீட்டின் பலகைச் சுவரில் தொங்கிய அந்தப் படம், தோட்டத்தை விட்டு வெளியேறியபோது லோரியில் ஏறி, இன்று தாமான் வீட்டின் சிமெண்டுச் சுவரில் தொங்குகிறது.

தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது அந்தப் படம் கண்ணில் படும். பிரேம் உளுத்திருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும், உள்ளே பழுப்புப் புள்ளிகள் தெரியும். “கடையில் கொடுத்துப் புது பிரேம் போட்டுவிடலாம்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். “அப்பா போட்ட பிரேம், கை வைக்காதே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

இதில் முடிவெடுக்க ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். படம் ஒரு பொருள், பிரேம் ஒரு பொருள், பிரேமுக்குள் இருக்கும் அட்டை, பலகை, ஆணி, ஒட்டுநாடா ஆகியவை வேறொரு பொருள். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். ஆகவே பல வீடுகளுக்குப் பொருந்தும் வழி, பிரேமைத் திறந்து, உள்ளே இருப்பதை மாற்றி, படத்தை அதே பிரேமில் திரும்பப் போடுவதாகும். எப்போது அப்படிச் செய்யலாம், எப்போது கூடாது என்பதைக் கீழே பார்ப்போம்.

நம்மிடம் இருப்பது எது?

முதலில் படத்தின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டூடியோ படங்கள்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் கன்னத்துக்கும் சேலைக்கும் கையால் நிறம் தீட்டியிருப்பார்கள். ஓரங்களில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு தெரிந்தால், படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்துவிட்டது என்று பொருள். அதைத் துடைத்து எடுக்க முயலக் கூடாது. 1970களின் வண்ணப் படங்கள் வேறு வகையாகக் கெடும். நீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுவதும் சிவந்துபோகும். போன நிறம் படத்தில் திரும்ப வராது. ஆகவே இவற்றை முதலில் நகல் எடுத்துவிட வேண்டும்.

அச்சிட்ட சாமி படங்கள்: ஓவியர் ராஜா ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அது பின்னர் லோனாவ்லா அருகே மாற்றப்பட்டது. அங்கு அச்சான லட்சுமி, சரஸ்வதி படங்கள் கல் அச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக வைத்து அச்சிடப்பட்டவை. 1972ஆம் ஆண்டில் அந்த அச்சகம் தீயில் அழிந்தது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியைச் சேர்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாக அச்சாகி, தமிழர் வாழும் இடங்களுக்கெல்லாம் சென்றன.

உங்களிடம் இருப்பது பழைய கல் அச்சா, பிற்கால மறுபதிப்பா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். புள்ளிகள் கட்டம் போட்டது போல் ஒரே சீராக இருந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் கல் அச்சாக இருக்க வாய்ப்புண்டு. படத்தின் அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான். சின்ன பிரேமுக்குள் அடக்குவதற்காக அதை வெட்டிவிட்டால் படத்தின் வயதைச் சொல்லும் சாட்சி போய்விடும்.

ஆவணங்கள்: நீண்ட கால சேவைச் சான்றிதழ், பள்ளிப் பாராட்டுப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றையும் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். தோட்டத் துண்டாடலின் போது தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, துன் சம்பந்தன் முயற்சியில் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தைப் பெருமையோடு காத்துவரும் குடும்பங்களும் உண்டு. இவற்றில் பேனா மையும் ரப்பர் முத்திரையும் வெளிச்சத்தில் வேகமாக மங்கும்.

தஞ்சாவூர் ஓவியங்கள்: பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவையால் மேடு எழுப்பி, தங்க இலையும் கற்களும் பதித்தவை. இவற்றைத் தட்டினாலோ வளைத்தாலோ மேடுகள் உதிரும். இவற்றை வீட்டில் திறக்க வேண்டாம்.

பிரேமுக்குள் நடப்பது என்ன?

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 65 அல்லது 70 விழுக்காட்டைத் தாண்டினாலே தாளில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். படம் கண்ணாடியோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தால் ஈரம் இரண்டுக்கும் நடுவில் தங்கும். புகைப்படத்தின் மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

படத்துக்குப் பின்னால் பழைய கடைக்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்தார்கள். பெட்டி அட்டை, பிளைவுட், செய்தித்தாள், காலண்டர் அட்டை எல்லாம் அதில் சேரும். மலிவான மரக்கூழ் அட்டையில் அமிலம் உண்டு. அது ஆண்டுக்கணக்கில் படத்துக்குள் இறங்கி, தாளைப் பழுப்பாக்கி, தொட்டால் பொடியும்படி செய்துவிடும். பிளைவுட்டிலிருந்தும் இதே போன்ற ஆவி வரும். ஆணி துருப்பிடித்து ஓரத்தில் கறை படியும். ஒட்டுநாடாவின் பசை உருகி மஞ்சள் பட்டையாக நிற்கும். கரையானும், தாளைத் தின்னும் வெள்ளிப் பூச்சியும் பின்பக்கத்து இடுக்கு வழியாகவே உள்ளே போகின்றன.

இத்தனைக்கும் பிரேம் மரம் பெரும்பாலும் காரணமில்லை. பழைய பிரேம்களில் பல தேக்கு மரத்தில் செய்தவை. அந்த மரத்தையும் வேலைப்பாட்டையும் இன்று அதே விலைக்கு வாங்க முடியாது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பழைய படத்தோடு பழைய பிரேமும் சேர்த்தே விலை பேசப்படுகிறது. பிரேமை மாற்றிய படத்துக்கு மதிப்புக் குறைவு.

பின்பக்கத்தைப் படியுங்கள்

கடைக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, படத்தை முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுப்பது. கடையில் பழைய பின்பலகையைக் கழற்றிக் குப்பையில் போடுவது வழக்கம். அதில்தான் பல குடும்பங்களின் வரலாறு இருக்கிறது.

பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். அதில் ‘மலாயா’ என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1963 செப்டம்பரில் மலேசியா அமைவதற்கு முந்தையதாக இருக்கும். ஜொகூர் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘இ’ எழுத்தைச் சேர்ப்பது பழைய முறை. அதுவும் காலத்தைக் கணிக்க உதவும். பிரேம் கடையின் சீட்டு, பென்சிலில் எழுதிய பெயர், தோட்டத்தின் பெயர், திருமண நாள் எதுவும் இருக்கலாம்.

அட்டைக்குப் பதிலாகச் செய்தித்தாள் வைத்திருந்தால் அதையும் வீசிவிடாதீர்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ தாளாகக்கூட அது இருக்கலாம். அதில் உள்ள தேதிக்கு முன்னால் அந்த பிரேம் போடப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. ஆனால் செய்தித்தாளில் அமிலம் அதிகம். அதனால் அதைத் தனி உறையில் வைக்க வேண்டும். மீண்டும் படத்துக்குப் பின்னால் வைக்கக் கூடாது.

பிறப்புச் சான்றிதழோ கப்பல் பயணச் சீட்டோ இல்லாத குடும்பங்களுக்கு, தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் இருந்தார் என்பதைச் சொல்ல அந்த முத்திரை ஒன்றே எஞ்சியிருக்கக்கூடும்.

நான்கு முடிவுகள்

1. அப்படியே விடலாம். பின்பக்கத் தாள் கிழியாமல் இருக்கிறது, பூச்சி இல்லை, படத்தில் புதிய கறை இல்லை, படம் கண்ணாடியில் ஒட்டவில்லை என்றால் திறக்காதீர்கள். தூசியை மட்டும் துடைத்து, நல்ல இடத்தில் மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

2. உள்ளே மட்டும் மாற்றலாம். பிரேம் உறுதியாக இருக்கிறது, ஆனால் படம் பழுத்து வருகிறது, பின்பலகை அலையடித்திருக்கிறது, கண்ணாடி படத்தைத் தொடுகிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான வீட்டுப் படங்கள் இந்த வகையில்தான் வரும்.

3. பிரேமையே மாற்றலாம். மரம் உளுத்துப் பொடி கொட்டுகிறது, மூலை பிரிந்து கண்ணாடி விழும் நிலையில் இருக்கிறது, அல்லது இருக்கும் பிரேமே பின்னாளில் போட்ட மலிவான பிளாஸ்டிக், அலுமினியப் பிரேம் என்றால் மாற்றுவதில் இழப்பு இல்லை. பழைய மரப் பிரேமாக இருந்தால் ஒரு துண்டையும் கடைச் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

4. கை வைக்காமல் நிபுணரிடம் காட்ட வேண்டும். புகைப்படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, சாயம் செதிலாக உதிர்கிறது, பஞ்சு போல் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது, தஞ்சாவூர் ஓவியத்தின் மேடு விட்டுப்போயிருக்கிறது என்றால் வீட்டிலும் வேண்டாம், சாதாரண பிரேம் கடையிலும் வேண்டாம். ஒட்டிய படத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே படுக்க வைத்துப் பாதுகாத்தால் பிறகு வழி தேடலாம்.

உளுத்த மரத்தைக் காப்பாற்ற விரும்பினால், படத்தையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, வெறும் பிரேமைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சிகள் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். பொன்முலாம் பூசிய பிரேமுக்கும் சுண்ணாம்பு வேலைப்பாடு உள்ள பிரேமுக்கும் இந்த முறை ஆகாது.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ பிரேம் கடைக்குப் போகும்போது “நல்லா செஞ்சு குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. பின்வருவனவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது. பிரேம்தான் படத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

படத்தைப் பலகையிலோ அட்டையிலோ பசையால் முழுதாக ஒட்டக் கூடாது. சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்தவும் கூடாது. மூலைகளில் தாள் பைகள் செருகி நிறுத்தினால் போதும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டலாம்.

பின்னாலும் சுற்றிலும் ‘ஆசிட் ஃப்ரீ’ அட்டை, அதாவது அமிலமற்ற அட்டை, போட வேண்டும். அது சாதாரண அட்டையை விட விலை கூடுதல். ஆனால் பிரேம் செலவில் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைத்தாலே இடைவெளி கிடைத்துவிடும். மவுண்ட் வேண்டாம் என்றால் ஓரத்தில் மெல்லிய சட்டம் வைக்கச் சொல்லலாம். வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது.

கழற்றிய எல்லாவற்றையும், பழைய கண்ணாடி, பலகை, சீட்டு உட்பட, திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: லாமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் சான்றிதழ்களையும் பழைய படங்களையும் பாதுகாப்பதாக நினைத்துப் பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுகிறார்கள். அந்தச் சூடும் பசையும் தாளுக்குள் போய்விடும். பிறகு பிரிக்க முடியாது. பிரேமை மாற்றியதில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். லாமினேட் செய்ததைத் திருத்த வழியில்லை.

சாமி படத்தின் கண்ணாடி உடைந்தால்

உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று அதைக் கோயில் ஓரத்திலோ அரச மரத்தடியிலோ கொண்டுபோய் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மழையும் வெயிலும் பட்டு அந்தப் படங்கள் சில வாரங்களில் அழிந்துவிடும். பெரும்பாலான நேரங்களில் உடைந்தது கண்ணாடி மட்டுமே. படம் முழுதாகத்தான் இருக்கும். கண்ணாடியை மாற்றிய பிறகு வழிபாட்டுக்கு வைப்பதா என்று பெரியவர்களைக் கேட்டு முடிவெடுக்கலாம். வேண்டாம் என்றால் வழிபாட்டுக்குப் புதுப் படம் வாங்கிவிட்டு, பழையதைக் குடும்பப் பொருளாக எடுத்து வைக்கலாம்.

வழிபாட்டில் இருக்கும் படத்தில் குங்குமமும் சந்தனமும் கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும். கண்ணாடியில் நேராகத் தண்ணீர் தெளித்துத் துடைத்தால், நீர் அடி ஓரத்தில் இறங்கிப் படத்தைத் தொடும். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் நேராகப் படாதபடி கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். மாலையில் சொட்டும் நீர் பிரேமின் மேல் இடுக்கில் இறங்குவதையும் கவனியுங்கள்.

எங்கே மாட்டுவது?

குளியலறையை ஒட்டிய சுவரும், சமையலறையும், மழை அடிக்கும் வெளிச்சுவரும் ஆகாது. சன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் வெயில் படும். பிரேமின் அடி மூலைகள் இரண்டிலும் பின்னால் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும், பல்லியும் கரையானும் குடியேறுவதும் குறையும். ஆணியும் கம்பியும் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கண்ணாடிப் படங்கள் உடைவதற்குப் பெரும்பாலும் அறுந்த கம்பிதான் காரணம்.

நகல் ஒன்று, மூலம் ஒன்று

அண்ணன் தம்பிகள் நால்வர் இருக்கும் வீட்டில் ஒரே படத்தை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வரும். பிரேமைத் திறக்கும் நாள்தான் அதைத் தீர்க்க நல்ல நாள். கண்ணாடி இல்லாத நிலையில் ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் நகல் எடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம். நகலை எல்லார் வீட்டிலும் மாட்டலாம். மிகவும் மங்கிய மூலப் படத்தை அமிலமற்ற உறையில் வைத்து, இருட்டான, காய்ந்த அலமாரியில் பாதுகாக்கலாம்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் குடும்பங்களிலும் இருந்த படங்களைத் தேடி மின்னியல் நகல் எடுத்தது. நம் நாட்டில் 1957இல் அமைக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தரும் ஆவணங்களையும் ஏற்றுக்கொள்கிறது. தோட்டப் படம், பள்ளிப் படம், தொழிற்சங்கப் படம் போன்றவை ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. நகலையாவது பொது இடத்தில் சேர்த்து வைப்பது நல்லது.

ஒரு வேலையை மட்டும் எந்தக் கடைக்காரராலும் செய்ய முடியாது. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். படத்தின் மேல் எழுதாமல், தனித் தாளில் முன்வரிசை இடமிருந்து வலம், பின்வரிசை இடமிருந்து வலம் என்று பெயர்களையும் தோட்டத்தையும் பென்சிலால் எழுதி, ஓர் உறையில் போட்டு பிரேமின் பின்பக்கத்தில் வெளியே இணைத்து வையுங்கள். பிரேமை அடுத்த ஆண்டுகூட மாற்றிக்கொள்ளலாம். பாட்டியிடம் பெயர் கேட்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.